புதுப்பிப்பு: வீட்டு நிதி மனு என்ன ஆயிற்று?

பட்ஜெட் இழுபறியில் ஏழைகளின் வீட்டு நிதியில் கைவைக்காதீர்கள் என்று தென்னாப்பிரிக்க நாடாளுமன்றத்துக்கு எழுதச் சொல்லி 2025 மார்ச்சில் கேட்டிருந்தேன். டர்பனின் சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதிய எல்லாருக்கும் நன்றி.

வாட் (மதிப்புக் கூட்டு வரி) உயர்வை ஏப்ரல் 24 அன்று கைவிட்டார்கள். மே 21இல் அந்த ஆண்டின் மூன்றாவது பட்ஜெட் வரைவு வந்தது. வாட் ஏறாதது நல்லதுதான், ஆனால் அந்த வருமானம் போனதால் செலவைக் குறைக்கும் பேச்சு வலுத்தது. அதுதான் என் கவலை.

பக்கத்து பிளாட்டில் பாட்டி, மகள், பேரப்பிள்ளைகள் எல்லாரும் ஒரே அறையில் படுக்கிறார்கள். ஈரம் ஏறி சுவரில் பெயிண்ட் உரிகிறது. குடும்ப வருமானம் மாதம் 3,500 ராண்டைத் தாண்டியதால் அரசின் இலவச வீடு கிடையாது. வங்கியும் கடன் தராது.

ஒவ்வொரு பட்ஜெட்டுக்கும் அடுத்து ஒதுக்கீட்டு மசோதா (எந்தத் துறைக்கு எவ்வளவு பணம் என்று சொல்லும் சட்ட வரைவு) வரும். அதற்கும் நாடாளுமன்றக் குழு பொதுமக்கள் கருத்தைக் கேட்கும். எந்த வருடம் வீட்டுக்குப் பெயர் பதிந்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.