அவள் ஷட்டரை இறக்கிவிட்டாள்

பாலக்கோட்டிலிருந்து:
கரு கலைந்த பிறகுதான் என் மனைவிக்கு அந்தப் படபடப்பு வர ஆரம்பித்தது. கூட்டத்தில் நின்றால் மூச்சடைக்கும், கை மரத்துப்போகும். ஒன்றரை வருடம் எங்கே போனாலும் நானும் கூடவே. போன மாதம், "மாரண்டஅள்ளிக்கு அம்மா வீட்டுக்கு நான் மட்டும் போய்ட்டு வரேன்" என்றாள். சரி என்று பஸ் ஏற்றிவிட்டேன். மனசு கேட்கவில்லை, பைக்கில் பின்னாலேயே போனேன். வழியில் ஒரு ஸ்டாப்பில் ஜன்னலோரம் இருந்தவள் என்னைப் பார்த்துவிட்டாள். திட்டவில்லை, கையசைக்கவும் இல்லை. ஷட்டரை இறக்கிவிட்டாள். அந்தச் சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது.

காவேரிப்பட்டணத்திலிருந்து:
அண்ணா, நானும் அதே தப்பைச் செய்தவள்தான். வீட்டுக்காரருக்கு வலிப்பு. ஒருமுறை குளியலறையில் விழுந்துவிட்டார், கதவை உடைத்துத்தான் தூக்கினோம். மறுநாளே அவரைக் கேட்காமல் தாழ்ப்பாளைக் கழற்றிவிட்டேன். திருகாணி இருந்த நாலு ஓட்டைகளையும் விரலால் தடவிக்கொண்டே, "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். அவ்வளவுதான். இப்போது அவர் உள்ளே இருந்தால் கதவின்மேல் துண்டு தொங்கும், பிள்ளைகள்கூடத் திறக்க மாட்டார்கள். அது அவர் சொன்ன யோசனை.

ஓசூரிலிருந்து:
அக்கா, அதைத் தப்பு என்றே சொல்லாதீர்கள். வலிப்பில் விழுந்தால் தலையில் அடிபடும், தாழ்ப்பாள் போகத்தான் வேண்டும். படபடப்பு வேறு. பார்க்கப் பயங்கரமாக இருக்கும், பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும். என் மனைவிக்கும் உண்டு. நான் எந்நேரமும் பக்கத்திலேயே நின்று, "நீங்க இல்லாட்டி செத்துருவேன்" என்று அவளை நம்ப வைத்ததுதான் மிச்சம். அண்ணா, கிளம்பும் முன்பே அவரிடம் கேட்டுவிடுங்கள்: போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் போதுமா, வழியில் படபடப்பு வந்தால் யாரைக் கூப்பிடுவார்? 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 2022 அக்டோபரிலிருந்து இருக்கிறது. காசு கிடையாது, நடுராத்திரியிலும் பேசலாம். அப்புறம், 2017 மனநலச் சட்டப்படி தன் சிகிச்சை எப்படி இருக்க வேண்டும், தனக்காக யார் முடிவெடுக்க வேண்டும் என்று அவரே முன்கூட்டி எழுதி வைக்கலாம். அந்த ஆள் நீங்களாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

பாலக்கோட்டிலிருந்து:
யோசனை கேட்டு நான் எழுதவில்லை தம்பி. ஆனாலும் அந்தக் கடைசி வரி குத்தியது. நேற்று மறுபடி கிளம்பினாள். பைக் சாவியை அவள் கையில் கொடுத்தேன். பையில் போட்டுக்கொண்டு ஏறினாள். மிஸ்டு கால் கேட்கவில்லை. மூன்றரை மணிக்கு அவளே கூப்பிட்டு, "வெயில் தாழ்ந்ததும் கிளம்பறேன்" என்றாள்.