ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஊருக்கு வாருங்கள்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு,

வணக்கம். புரட்டாசி முதல் கார்த்திகை வரை பாகூர்ப் பக்கத்து நம் ஊரில் என்னென்ன நடக்கும், அதில் நம் ஊர்ச் சங்கத்தின் பங்கு என்ன என்று எழுதும் பொறுப்பை இந்த முறை என்னிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். தேதிகளை மட்டும் எழுதி அனுப்பிவிட்டு ஒதுங்க எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பருவத்தில் ஒரு முறையாவது பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஊருக்கு வாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

பிரான்சில் இருப்பவர்கள் பள்ளி விடுமுறையை ஒட்டி ஜூலையிலும் ஆகஸ்டிலும் வருகிறீர்கள். ஆடி வெள்ளியில் வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேரைப் பார்த்துவிட்டு விமானம் ஏறிவிடுகிறீர்கள். சிங்கப்பூர், துபாய்க்காரர்களுக்குப் பொங்கல்தான் கணக்கு. தை ஐந்தாம் நாள் தென்பெண்ணை ஆற்றுத் திருவிழா வரை இருந்துவிட்டுக் கிளம்புவீர்கள். கொஞ்சம் பேர் மாசி மகத்துக்கு வருவீர்கள். ஆகவே வெளிநாட்டில் பிறந்த நம் பிள்ளைகளுக்குத் தெரிந்த ஊர், வெயிலில் காய்கிற ஊர் அல்லது அறுவடை முடிந்த ஊர். பாகூர் ஏரி நிரம்பி நிற்பதை அவர்களில் பெரும்பாலானோர் பார்த்ததே இல்லை. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து, ஏரியை நிரப்பும் பங்காரு வாய்க்காலில் தண்ணீர் புறப்பட்டது என்று கேள்விப்பட்டதும் ஊர்ச் சனம் சைக்கிளிலும் பைக்கிலும் கரைக்குப் போய் நிற்கும். ஏரி நிரம்பிக் கோடி போகிறது, அதாவது உபரி நீர் வழிகிறது என்றால் அன்றைக்குப் பள்ளிப் பிள்ளைகளைப் பிடித்து வைக்க முடியாது. யாரும் அச்சடித்து அழைக்காத, டிக்கெட் இல்லாத விழா அது.

வேலைக் காலம் முழுவதையும் பாரீசில் கழித்துவிட்டு ஊரோடு வந்து சேர்ந்த பிறகுதான் நானும் இந்த மாதங்களை முழுசாகப் பார்த்தேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

முதலில் புரட்டாசி. சனிக்கிழமைகளில் விடியும் முன்பே திருவந்திபுரத்துக்குக் கூட்டம் கிளம்பிவிடுகிறது. கெடிலக் கரையில் தேவநாத சுவாமி கோயில், எதிரே குன்றின் மேல் ஹயக்கிரீவர். மொட்டை போடுபவர்கள், பிள்ளைக்குப் படிப்பு வர வேண்டும் என்று படியேறுபவர்கள், வழியெல்லாம் துளசி மாலைக் கடைகள். மூன்றாம் சனிக்கிழமை போவதாக இருந்தால் பஸ்ஸில் நின்றுகொண்டு போகத் தயாராக இருங்கள். நவராத்திரிக்கு முன்னால் வருபவர்கள் கடலூர் வண்டிப்பாளையம் பக்கம் போய் வாருங்கள். அங்கே வீட்டுத் திண்ணைகளிலேயே கொலு பொம்மைகளுக்கு வண்ணம் தீட்டிக்கொண்டிருப்பார்கள். நம் பக்கத்துத் திருக்கனூர் காகிதக்கூழ் பொம்மைகளும் வில்லியனூர் சுடுமண் வேலைப்பாடுகளும் புவிசார் குறியீடு பெற்றவை. பெட்டியில் எடை கூடும் என்று பயப்படுபவர்களுக்குக் காகிதக்கூழ் பொம்மைதான் நல்லது. ஆயுத பூஜை அன்று பம்புசெட்டுக்கும் டிராக்டருக்கும் சந்தனம், குங்குமம். தெரு முழுக்கப் பொரி கடலை. புரட்டாசி முடிந்த மறுநாள் மீன் கடையில் நிற்க இடம் கிடைக்காது.

தீபாவளியைப் பற்றி உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் நோன்பைச் சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் தீபாவளியின் உயிரே கேதார கௌரி நோன்புதான். இருபத்தொரு அதிரசம், அதே கணக்கில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள் எல்லாம் எடுத்துக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கோயிலுக்குப் போய்ப் படைத்து, நோன்புக் கயிறு கட்டிக்கொண்டு வருகிறோம். அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது ஒரு துளியைக் கிண்ணத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்ப்பார்கள். உருண்டு வந்தால்தான் மாவைக் கொட்டலாம். ஒரு நிமிடம் பிந்தினால் அதிரசம் கல்லாகிவிடும், முந்தினால் எண்ணெயில் பிரிந்துவிடும். இதைச் சரியாகப் பார்க்கத் தெரிந்த பெரியம்மாக்கள் இன்னும் நம் தெருவில் இருக்கிறார்கள். வந்து பக்கத்தில் நின்று பழகிக்கொள்ளுங்கள். அலைபேசிக் காணொளியில் பதம் பிடிபடாது.

பிரான்சில் உள்ளவர்களுக்கு ஒரு வசதி உண்டு. சகல புனிதர் திருநாளை ஒட்டி அங்கே பள்ளிகளுக்கு இரண்டு வாரம் விடுமுறை. சில ஆண்டுகளில் தீபாவளி அதற்குள்ளேயே விழுகிறது. விழாவிட்டாலும் அந்த விடுமுறையின் கடைசி நாட்களில் புதுச்சேரியில் இருப்பது வீண் போகாது. நவம்பர் 1 நம் விடுதலை நாள். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவோடு இணைய வேண்டும் என்றார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். அடுத்த இரண்டு வாரத்தில், நவம்பர் 1 அன்று, ஆட்சி பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறியது. கடற்கரைச் சாலையில் அணிவகுப்பைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளை அப்படியே கீழூர் நினைவிடத்துக்கும் அழைத்துப் போங்கள். நம்மூரிலிருந்து தூரமில்லை. மறுநாள் கல்லறைத் திருநாள். நம் கிறிஸ்தவக் குடும்பங்கள் கல்லறைகளைக் கழுவி, வெள்ளையடித்து, சாமந்தியும் மெழுகுவத்தியும் வைத்து, பொழுது சாய்ந்த பிறகும் அங்கேயே உட்கார்ந்திருப்பார்கள். தாத்தா பாட்டியின் பெயர் வெட்டிய கல்லைப் பேரப்பிள்ளை தொட்டுப் பார்க்க இதைவிட நல்ல நாள் இல்லை.

நவம்பர் 11 அன்று அதே கடற்கரைச் சாலையில், முதல் உலகப் போரில் பிரான்சுக்காக உயிர் விட்ட நம் மண்ணின் ஆட்களுக்காக எழுப்பிய நினைவுச் சின்னத்தில் மலர்வளையம் வைக்கிறார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தாக்களின் வீடுகளிலிருந்து முதியவர்கள் பதக்கம் குத்திக்கொண்டு வந்து நிற்பார்கள். நவம்பர் 1க்குப் போகிற குடும்பம் 11ஆம் தேதிக்கும் போவதைச் சிலர் குறையாகப் பேசுகிறார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. நம்மூர்க் குடும்பங்களின் வரலாறே இந்த இரண்டு நாட்களுக்கும் நடுவில்தான் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இரண்டையும் சொல்லிக்கொடுப்போம்.

நாடகப் பற்றுள்ளவர்கள் நவம்பர் 13ஐயும் குறித்துக்கொள்ளுங்கள். நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் 1922இல் அந்த நாளில் புதுச்சேரியில்தான் காலமானார். கருவடிக்குப்பத்தில் அவர் அடக்கமான இடத்துக்குப் போய் நாடகக் கலைஞர்கள் அஞ்சலி செலுத்துகிறார்கள்.

இனி கூத்துக்கு வருகிறேன். இங்கே எனக்குச் சங்கத்தோடு ஒரு வழக்கு இருக்கிறது. தீபாவளியை ஒட்டி இன்னிசைக் கச்சேரி வைக்கிறோம். மேடை, ஒலிபெருக்கி, பெரிய திரை என்று சங்கப் பணத்தில் பெரும் பகுதி அதற்கே போய்விடுகிறது. ஐப்பசி அடைமழை, கார்த்திகை கனமழை என்று தெரிந்துகொண்டே திறந்த வெளியில் பந்தல் போடுகிறோம். இரண்டாவது பாட்டில் மழை வருகிறது, நாற்காலியைத் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு ஊர் கலைகிறது. அந்தப் பணத்தைப் புரட்டாசிக்கு நகர்த்துங்கள் என்கிறேன். மூன்றாம் சனிக்கிழமை இரவு, திரௌபதி அம்மன் கோயில் திடலில், நம் பக்கத்துக் குழுவை வைத்து விடிய விடியத் தெருக்கூத்து நடத்துவோம். பங்குனியில் தொடங்கி ஆடி வரை அவர்களுக்கு ஆட்டம் இருக்கும். அதற்குப் பிறகு மழை மாதங்கள் முழுவதும் கையில் வேலையில்லை. புஜகீர்த்தி என்னும் தோளணியையும் கிரீடத்தையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுக் கட்டட வேலைக்குப் போகிறார்கள். திரைக்குப் பின்னால் நின்று பாடிக்கொண்டே துரியோதனன், தரையில் காலை ஓங்கி உதைத்து வெளியே வரும் அந்த ஒரு கணத்துக்காக, கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் ஊர்த் தலைவர்களையே பெயர் சொல்லாமல் கிண்டலடிக்கும் அந்தத் துணிச்சலுக்காக, நாம் பணம் கொடுக்கலாம். கூலியை இடைத்தரகர் இல்லாமல் குழுவின் கையிலேயே, முன்பணத்தோடு கொடுக்க வேண்டும். இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்.

கந்த சஷ்டியில் சூரசம்ஹாரம் உண்டு. மயிலம் முருகன் கோயிலுக்குப் போகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிவைத்துச் சேர்ந்து போகலாம்.

எல்லாவற்றையும்விட என் மனம் கிடப்பது கார்த்திகைத் தீபத்தில். வில்லியனூர்க் குயவர்களிடம் அகல் வாங்கி வாசலெல்லாம் ஏற்றுவதும், கோயில் முன்னால் பனந்துண்டை நட்டுக் காய்ந்த ஓலை கட்டிச் சொக்கப்பனை கொளுத்துவதும் இன்றும் நடக்கின்றன. தணல் வைத்த கரித் திரியைக் கயிற்றில் கட்டித் தலைக்கு மேல் சுழற்றும் மாவலிதான் கை நழுவிக்கொண்டிருந்தது. சுற்றத் தெரிந்தவர்கள் நம்மில் பெரும்பாலும் ஐம்பதைத் தாண்டியவர்கள்தான். இளையவர்களுக்காகச் செய்முறையை எழுதுகிறேன்.

ஆண் பனையின் காய்ந்த பூக்கதிர்களைப் பொறுக்கி வர வேண்டும். சிறு குழி தோண்டி அதில் போட்டுக் கொளுத்தி, நன்றாகத் தணலானதும் ஈரச் சாக்கைப் போட்டு மண் தள்ளி மூடிவிட வேண்டும். காற்றுப் பட்டால் சாம்பலாகிவிடும். மூடியிருந்தால் கரியாக நிற்கும். ஆறிய பிறகு எடுத்து அம்மியில் நுணுக்கி, கொஞ்சம் உப்புத் தூள் கலப்பார்கள். பழைய பருத்தி வேட்டியைக் கிழித்து, அதில் இந்தத் தூளை வைத்துக் கெட்டியாகச் சுருட்டி, நூலால் நெருக்கமாகக் கட்ட வேண்டும். விரல் பருமன், ஒரு சாண் நீளம் போதும். பச்சைப் பனை மட்டையை மூன்றாகப் பிளந்து, நடுவில் இந்தத் திரியைச் செருகி, மேலும் கீழும் இறுக்கிக் கட்டி, ஆள் உயரக் கயிற்றில் தொங்கவிடுவார்கள். திரியின் நுனியில் ஒரு தணலை வைத்து ஊதிப் பிடிக்கவைத்துவிட்டுத் தலைக்கு மேல் சுற்ற வேண்டியதுதான். முதல் இரண்டு சுற்றில் ஒன்றும் தெரியாது. பிறகு காற்று ஏறியதும் பொறி கொட்டத் தொடங்கும். சுற்றுபவரைச் சுற்றி ஒரு பொன் வட்டம் நிற்கும். வெடிச் சத்தம் இல்லை, காசு செலவில்லை. பருத்தி உடுப்பு போட்டுக்கொள்ள வேண்டும், வைக்கோல் போர் பக்கம் போகக் கூடாது, கயிற்று முடிச்சைப் பெரியவர் ஒருவர் இழுத்துப் பார்த்துத்தான் பிள்ளை கையில் கொடுக்க வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணை கரை மீறிப் பாகூர்ப் பக்கத்து ஊர்களுக்குள் புகுந்தது. நீங்கள் அனுப்பிய அரிசியும் போர்வையும் வந்து சேர்ந்த அதே வாரங்களில், டிசம்பர் 13 அன்று, கார்த்திகைத் தீபம் வந்தது. சுவரில் இடுப்பு உயரத்துக்குச் சேற்றுக் கோடு காயாமல் இருந்தது. இந்த ஆண்டு எதுவும் வேண்டாம் என்றுதான் பேச்சு. ஆனால் ஒரு வீட்டில் அடுப்புக்கு மேல் பரணில் கட்டி வைத்திருந்த கரி நனையாமல் தப்பியிருந்தது. அதை வைத்துப் பையன்கள் நான்கைந்து மாவலி கட்டினார்கள். தீயணைப்பு வண்டி போய் வந்த அதே தெருவில் நின்று சுற்றினார்கள். சேதக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த பெரியவர்களும் எழுந்து வந்து ஆளுக்கொரு முறை கயிற்றை வாங்கிச் சுற்றினார்கள். ஊர் தலை நிமிர்ந்தது அன்றைக்குத்தான் என்று நான் நம்புகிறேன்.

சிங்கப்பூர்ப் பிள்ளைகளுக்கு ஆண்டிறுதி விடுமுறை நவம்பர் பிற்பகுதியிலேயே தொடங்கிவிடுகிறது. கார்த்திகைத் தீபம் பெரும்பாலும் அதற்குள் வரும். இதைவிட வேறென்ன வாய்ப்பு வேண்டும்?

மாவலிக்குப் பனை வேண்டும். அதுவும் ஆண் பனை வேண்டும். காய்க்காத மரம் என்று அதைத்தான் முதலில் வெட்டிச் செங்கல் சூளைக்கு அனுப்புகிறார்கள். பனை ஆணா பெண்ணா என்பது பூக்கும்போதுதான் தெரியும். அதற்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஆகவே நிறைய நட வேண்டும், இப்போதே நட வேண்டும். ஆவணி, புரட்டாசியில் விழும் பனம்பழங்களின் விதைகளைச் சேர்த்து, மழை பிடிக்கும் முன் ஒரு சாண் ஆழக் குழியில், பத்தடிக்கு ஒன்றாக ஏரிக்கரையில் ஊன்றிவிட்டால் ஐப்பசி மழையே பார்த்துக்கொள்ளும். கரையும் உறுதிப்படும்.

சங்கத்தின் முன் நான் வைப்பது இவ்வளவுதான். கச்சேரிப் பணம் புரட்டாசிக் கூத்துக்குப் போகட்டும். மாவலிக்கான வேட்டித் துணியும் கயிறும் வாங்க ஒரு சிறு தொகை ஒதுக்குங்கள். பனை விதை ஊன்ற ஊர்ப் பிள்ளைகளோடு நான் நிற்கிறேன். அன்று மதியச் சாப்பாட்டுச் செலவை யாராவது ஏற்றுக்கொள்ளுங்கள். வருவதாக முடிவு செய்பவர்கள் எத்தனை பேர், எந்த வாரம் என்பதை ஆவணி முடிவதற்குள் இந்தக் குழுவிலேயே எழுதுங்கள். பூட்டிக் கிடக்கும் வீடுகளின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்த்து எழுதினால், மழைக்கு முன் ஓடு மாற்றி, கிணறு இறைத்து வைக்கச் சொல்லிவிடுவேன்.

அன்புடன்,
ஊரிலிருந்து, விழாக் குழுவுக்காக