மோட்டார்ஹோமில் மடக்கு சைக்கிள்: உதவுமா, வெறும் சுமையா?

சக்கரவாசி:

அனைவருக்கும் வணக்கம். பழைய மோட்டார்ஹோம் ஒன்றை வாங்கி, நானும் மனைவியும் இரண்டு பயணம் போய்வந்துவிட்டோம். 6 மீட்டர் நீளம். பின்பக்கம் கட்டில், அதன் அடியில் சாமான் அறை. ஓட்டுவதில் ஒரு குறையும் இல்லை. நிறுத்திய பிறகுதான் வம்பு. சக்கரத்துக்கு அடியில் கட்டை கொடுத்து, ரசமட்டம் பார்த்து, மின்கம்பியை இணைத்து, வெயில்மறைப்பை இழுத்துவிட்டு அப்பாடா என்று உட்காரும்போதுதான் தீப்பெட்டி இல்லை என்பது தெரியவரும். ஒரு தீப்பெட்டிக்காக வீட்டையே கிளப்பிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது.

மடக்கு சைக்கிள் இரண்டு வாங்கலாமா என்று யோசிக்கிறோம். 16 அங்குலச் சக்கரமா, 20 அங்குலமா? உள்ளே வைப்பதா, பின்னால் தாங்கியில் மாட்டுவதா? மனைவிக்கு முழங்கால் வலி உண்டு. அவருக்கு மட்டும் மின்சார சைக்கிள் எடுத்தால், மின்இணைப்பு இல்லாத இடத்தில் சார்ஜ் செய்ய முடியுமா? பட்டறிந்தவர்கள் சொல்லுங்கள்.

கீல்நெய்:

அங்குலக் கணக்கை அப்புறம் பார்க்கலாம். வண்டிக்குள் அது எங்கே உட்காரப்போகிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்து பட்டவன்.

20 அங்குலச் சைக்கிள் இரண்டை ஆசையாக வாங்கிக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். அவற்றுக்கு முன்னால் நாற்காலிகள், நாற்காலிக்கு முன்னால் தண்ணீர்க் குழாய்ச் சுருள், அதற்கும் முன்னால் கருவிப்பெட்டி. 23 நாள் பயணத்தில் சைக்கிளை வெளியே எடுத்தது இரண்டே தடவை. அதிலும் இரண்டாவது தடவை ஓட்டுவதற்காக எடுக்கவில்லை. பின்னால் விழுந்துவிட்ட சாவி ஒன்றைத் தேடுவதற்காக எடுத்தேன்.

இப்போது என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று, 16 அங்குலம். பக்கக் கதவைத் திறந்தால் கைக்கு எட்டும் இடத்தில் நிற்கிறது. பிராம்ப்டன் வகை 16 அங்குலச் சைக்கிளை மடித்தால் தடிமன் 27 செ.மீ. அளவுதான். 20 அங்குலச் சைக்கிள் மடித்த பிறகும் ஏறக்குறைய 80 செ.மீ. நீளம், 65 செ.மீ. உயரம், 35 முதல் 40 செ.மீ. தடிமன் இருக்கும். கடையில் மடித்துக் காட்டும்போது கைக்குட்டை போலத் தெரியும். வண்டிக்குள் வந்ததும் கன்றுக்குட்டி ஆகிவிடும். ஆகவே வாங்குமுன் அந்த அளவில் அட்டைப்பெட்டி ஒன்றைச் செய்து உள்ளே வைத்து, இரண்டு நாள் அதோடு குடித்தனம் நடத்திப் பாருங்கள். நள்ளிரவில் கழிப்பறைக்கு எழுந்து போகும்போது காலில் இடிக்கிறதா என்பதுதான் பரீட்சை.

வைத்த இடத்தில் கட்டிப்போடுங்கள். திடீரென்று பிரேக் பிடித்தால் 12 கிலோ சாமான் முன்னிருக்கைக்குத்தான் பறந்து வரும்.

சின்னச் சக்கரம் சின்னக் குழியையும் விடாமல் விசாரித்துவிட்டுத்தான் போகும். தார்ச்சாலைக்கு 16 போதும். சரளைப் பாதை அதிகம் என்றால், அகல டயர் போட்ட 20.

டயர் என்றதும் ஒரு வயிற்றெரிச்சல். பெட்டியில் 16 அங்குலம் என்று எழுதியிருப்பதை நம்பி உதிரி டயர் வாங்காதீர்கள். 16-இல் ரிம் விட்டம் 305 மி.மீ., 349 மி.மீ. என முக்கியமாக இரண்டு அளவுகள் உண்டு. 20-இல் 406, 451. என் ரிம் 349. வாங்கி வந்த டயர் 305. மூன்று டயர் லீவர்களோடு ஒரு மாலை முழுவதும் மல்லுக்கட்டினேன். 44 மி.மீ. வித்தியாசத்தை எந்த லீவரும் ஈடுகட்டாது என்பது விளக்கு வைத்த பிறகுதான் உறைத்தது. டயரின் பக்கவாட்டில் 37-349 என்பது போல அச்சிட்டிருக்கும். அதில் இரண்டாவது எண் உங்கள் ரிம்மோடு பொருந்த வேண்டும்.

கடைசியாகக் கீல். தாழை மூடும்போது, முடிவில் உள்ளங்கையால் சற்று அழுத்தித்தான் மூட வேண்டியிருக்க வேண்டும். ஒற்றை விரலுக்கே மூடிக்கொண்டால் தளர்ந்துவிட்டது என்று பொருள். திருகைக் கொஞ்சம் இறுக்குங்கள். உள்ளே மணல் சேர்ந்தால் மிதிக்கும்போதெல்லாம் முனகும். பழைய டூத்பிரஷால் துடையுங்கள். ஹேண்டில்பார் தண்டின் கீலை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். அது விட்டால் பல் மிஞ்சாது.

நெடுந்தடம்:

அண்ணன் சொல்வது கடைக்குப் போய்வருகிறவர்களுக்கு. நாங்கள் ஒரு நாளைக்கு 50 கி.மீ. ஓட்டுகிறவர்கள்; பெரிய சக்கர சைக்கிள்கள், பின்தாங்கி. மடக்கு சைக்கிளில் அவ்வளவு தூரம் போகவே முடியாது என்று சொல்லவில்லை. நான் போகமாட்டேன்.

தாங்கி மாட்டுவதானால் ஒரு கணக்கு. தாங்கியும் சைக்கிள்களும் சேர்ந்து 50 கிலோ. அது பின்அச்சுக்கு 2 மீட்டர் பின்னால் தொங்குகிறது. இரண்டு அச்சுகளுக்கும் இடையே 4 மீட்டர் என்றால், பின்அச்சில் ஏறும் சுமை 50 அல்ல, 75 கிலோ. முன்அச்சில் 25 கிலோ குறைந்துவிடும். ஏற்றப்பலகை ஆட்டம்தான். முன்சக்கரம் இழுக்கும் வண்டியாக இருந்தால் ஈரப்புல்லில் சக்கரம் சும்மா சுழலும். எனக்குச் சுழன்றது, டிராக்டர் வைத்து இழுத்தார்கள். எடைமேடையில் ஒவ்வோர் அச்சையும் தனித்தனியாக நிறுத்துப் பாருங்கள்.

மின்மினி:

முழங்கால் வலிக்காரி என்பதால் நான் பேசலாம். என்னுடைய மடக்கு மின்சார சைக்கிள் 18 கிலோ. பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் தூக்குவேன், 2 கிலோவுக்கு மேல் குறையும்.

சார்ஜ் செய்ய முடியும், ஆனால் கணக்காக. 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 360 வாட்-மணி. இன்வெர்ட்டரிலும் சார்ஜரிலும் வீணாவதைச் சேர்த்தால் 450 வரை போகும். வண்டிக்குள் விளக்குக்கு மின்சாரம் தரும் பேட்டரி 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய-அமில வகையாக இருந்தால், பாதிக்கு மேல் இறக்காமல் எடுக்கக்கூடியது 600 வாட்-மணிதான். சைக்கிளுக்கு முழுச் சார்ஜ் கொடுத்த இரவில் நாங்கள் மெழுகுவத்தி ஏற்றினோம். இப்போது வண்டி ஓடும்போதோ, சூரியத் தகடு நன்றாக வேலை செய்யும் நண்பகலிலோதான் சார்ஜ். தூங்கும்போது கிடையாது. உறைபனிக் குளிரில் லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்காதீர்கள். வெயிலில் பூட்டிய வண்டிக்குள்ளும் போட்டுவைக்காதீர்கள்.

முழங்காலுக்கு மோட்டாரைவிட உதவியது ஒரு கோடு. மடக்கும்போதெல்லாம் சீட் தண்டு இறங்கிவிடுகிறதல்லவா? விரிக்கும்போது குத்துமதிப்பாக ஏற்றிக்கொண்டிருந்தேன். 2 செ.மீ. தாழ்ந்தாலும் மறுநாள் முழங்கால் சொல்லிவிடும். சரியான உயரத்தில் நெயில்பாலிஷால் ஒரு கோடு போட்டேன்.

சக்கரவாசி:

நன்றி. அட்டைப்பெட்டிகள் செய்தோம், இரண்டு அளவிலும். பெரியது குளியலறைக் கதவில் நுழையவில்லை. சின்னது மேசைக்கடியில் கச்சிதமாகப் போனது. ஆனால் முதல் இரவே நான் இடித்துக்கொண்டேன், சுண்டுவிரல் வீங்கியிருக்கிறது. ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் மாற்றியபின் தொந்தரவில்லை. எனக்கு 16 என்று முடிவாகிவிட்டது. மனைவி 20 அங்குல மின்சாரம்தான் வேண்டும் என்கிறார். அவருடைய பெட்டி சாமான் அறையில், கதவை ஒட்டி. நாற்காலிகள் அதற்குப் பின்னால். இந்த வரிசையை மாற்றினால் எனக்கு நடக்கப்போவதையும் சொல்லியிருக்கிறார்.

கீல்நெய் ஐயா, அந்தச் சாவி கிடைத்ததா?

கீல்நெய்:

கிடைத்தது. சைக்கிள் பூட்டின் சாவி.