எக் ஹன்ட்: விசில் ஊதிய முதல் இரண்டு நிமிடம். பார்த்தவர்கள் எழுதுங்கள்

கூடைக்காரர்:

அமெரிக்கப் புறநகரில் இருப்பவர்களுக்கு எக் ஹன்ட்டை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு: புல்வெளியில் போட்ட பிளாஸ்டிக் முட்டைகளைக் குழந்தைகள் தேடிக் கூடையில் சேர்க்கும் ஈஸ்டர் விளையாட்டு. ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, பார்க் புல்வெளி, கயிறு, விசில். 100 குழந்தைகளுக்கு 1,200 பிளாஸ்டிக் முட்டை, ஆளுக்குப் பன்னிரண்டு வரும் என்று கணக்கு. கணக்கில் தப்பில்லை. ஆனால் இரண்டு நிமிடத்தில் புல்வெளி காலி.

ஒரு காட்சி மட்டும் மனதைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது. மஞ்சள் மழைக்கோட்டு போட்ட மூன்று வயதுக் குழந்தை முதல் முட்டையை எடுத்தது, அங்கேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தது, முட்டையை இரண்டு பாதியாகப் பிரித்தது, உள்ளே இருந்த தவளை ஸ்டிக்கரை உரித்து முழங்கையில் ஒட்டிக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தால் சுற்றிலும் வெறும் புல். பக்கத்தில், கயிற்றுக்கு உள்ளே, ஓர் அப்பா தன் பையனின் கூடையில் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

முட்டை பற்றாததால் வந்த வினை இல்லை இது. திறந்தவெளியில் பரப்பிய முட்டையைப் பத்து வயதுப் பிள்ளை ஓடிக்கொண்டே வாரும். மூன்று வயதுக் குழந்தை ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகும். 2,000 வைத்தாலும் கூடுதல் 800-உம் பெரியவன் கூடைக்குத்தான் போகும். தலைக்கு இத்தனை என்று உச்சவரம்பு வைத்து, விசிலுக்கு முன்னால் மைக்கில் மூன்று தடவை சொல்லவேண்டும் என்பது என் கட்சி. உங்கள் பக்கம் எப்படி?

மூன்றாம் தெரு:

மைக்ல சொன்னா யாருங்க கேக்குறாங்க? அந்தக் கூச்சல்ல எண்ணிக்கிட்டு நிக்கிறது யாரு? வரம்பை நிறத்துல வைக்கணும். ஆறு நிறம், நிறத்துக்கு ரெண்டு, ஆகப் பன்னிரண்டு. கூடைய எட்டிப் பார்த்தாலே தெரிஞ்சிடும். நாலு பச்சை இருந்தா ரெண்டு திரும்பக் களத்துக்குப் போகும். எண்ணத் தெரியாத குழந்தைக்கும் "பச்சை போதும்"னா புரியும்.

அதைவிட முக்கியம், வயசு வாரியா பிரிச்ச எல்லாக் களத்தையும் ஒரே விசில்ல திறக்கக் கூடாது. அப்படித் திறந்த இடத்துல ஒரு அம்மா: இடுப்புல ஒன்றரை வயசு, கையில அஞ்சு வயசு. 0–3 வயசுக் களம் இடது பக்கம், 4–6 வயசுக் களம் வலது பக்கம். எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நடுவுல அப்படியே நின்னுட்டாங்க. அவங்க நின்னுட்டு இருக்கும்போதே ரெண்டு பக்கமும் முடிஞ்சிடுச்சு.

0–3 முதல்ல, பத்து நிமிஷம் கழிச்சு 4–6, இன்னும் பத்து நிமிஷம் கழிச்சு 7–10. சின்னவங்க களத்துல மட்டும்தான் பெத்தவங்களுக்கு அனுமதி, அங்க முட்டை புல்லு மேலயே கண்ணுக்குத் தெரியற மாதிரி இருக்கணும். பெரியவங்க களத்துல புதர், பெஞ்சுக்கு அடி, மரக்கிளை இடுக்குன்னு ஒளிச்சு வைங்க. தேடற நேரம் கூடும், ஓடறது குறையும். களத்துக்கும் களத்துக்கும் நடுவுல ஒரு ஆள் படுக்கற அளவு இடைவெளி விடணும். ஒத்தைக் கயிறு கட்டினா அடுத்த களத்து முட்டை கைக்கெட்டற தூரத்துல இருக்கும்.

நிறமாலை:

மூன்றாம் தெரு சொல்வது நல்ல யோசனைதான், ஒரு திருத்தம். சிவப்பு–பச்சை வேறுபாடு தெரியாத பையன்கள் ஏறத்தாழ பன்னிரண்டுக்கு ஒருவர் என்ற கணக்கில் இருக்கிறார்கள். பச்சையையும் ஆரஞ்சையும் ஒரே தட்டில் வைத்துவிட்டு "திருப்பிப் போடு" என்று சொன்னால் அவன் திருட்டு முழி முழிப்பான். ஆரஞ்சுக்குப் பதில் வெள்ளையோ, புள்ளி போட்டதோ வாங்குங்கள்.

உள்ளே என்ன போடுகிறோம் என்பதை யாரும் பேசவில்லையே. மூன்று வயதுக்குட்பட்டவர்களின் பொம்மைக்கு அமெரிக்க விதியில் ஓர் அளவு உண்டு: 31.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள சின்னக் குழாய்க்குள் முழுதாக இறங்கும் எதுவும் ஆகாது. 25 சென்ட் குவார்ட்டர் நாணயமே 24 மில்லிமீட்டர்தான். ஜெல்லி பீன், கோலி, குட்டி மோதிரம் எல்லாம் இறங்கிவிடும். ஊதாத பலூன் இன்னும் மோசம், எட்டு வயது வரைக்கும் மூச்சடைக்கும் பொருள் என்று பாக்கெட்டிலேயே எச்சரிக்கை இருக்கிறது. ஆனால் கடைசி நேரத்தில் "மலிவாக ஏதாவது" என்று தேடும் வாலண்டியர் கையில் முதலில் சிக்குவது அதுதான்.

நிலக்கடலை அலர்ஜி உள்ள பெண் குழந்தை ஒன்று, தேடி முடித்ததும் கூடையை மொத்தமாக அம்மாவிடம் நீட்டிவிட்டு நின்றது. யாரும் கேட்கவில்லை, அதற்கே பழகியிருந்தது. முட்டைக்குள் மிட்டாய்க்குப் பதில் நிற டோக்கன் போட்டு, வாசலில் மேசை போட்டு மாற்றிக்கொடுத்தால் அந்தக் குழந்தையும் மற்றவர்களோடு வரிசையில் நின்று தேர்ந்தெடுக்கும். சாக்லெட் வெயிலில் உருகுவதும் மிச்சம். 34 டிகிரி செல்சியஸ் வந்தாலே கோகோ வெண்ணெய் உருகிவிடும், மூடிய பிளாஸ்டிக் முட்டை வெயிலில் அதைத் தாண்டிவிடும்.

காற்றடிக்கும் ஆள்:

முட்டை எண்ணிக்கையில் இவ்வளவு சண்டையா? அதே புல்வெளியின் மறுகோடியில் பவுன்ஸ் ஹவுஸ், பிள்ளைகள் உள்ளே குதிக்கும் காற்றடைத்த வினைல் வீடு, நிற்கிறதே, அதைப் பார்த்தீர்களா? கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன்.

நான்கு மூலையிலும் கூடாரத்துக்கு அடிக்கும் சாண் நீள ஆணி. மழை பெய்து இளகிய மண். ஒரு வீச்சுக் காற்று வந்ததும் வலது பின்மூலை அரை அடி தூக்கி இறங்கியது. உள்ளே ஏழெட்டுப் பிள்ளைகள், அவர்களுக்கு அது இன்னொரு குதி. வெளியே ஆபரேட்டர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரிட்டனின் பாதுகாப்பு ஆணையம் போட்டிருக்கும் அளவுகளை எங்கே வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளலாம்: குறைந்தது 6 கட்டுமுனை, உலோக ஆணி 380 மில்லிமீட்டர் நீளம், 16 மில்லிமீட்டர் தடிமன், தலை உருண்டையாக இருக்கவேண்டும், பவுன்ஸ் ஹவுஸுக்கு எதிர்ப்பக்கம் 45 பாகை சாய்த்து, தலை மண்ணோடு ஒட்டும்வரை அடிக்கவேண்டும். ஆணி இறங்காத தார்த்தரையில் ஒவ்வொரு முனைக்கும் 163 கிலோ எடை. 20 கிலோ மணல் மூட்டை என்றால் எட்டு வைத்தாலும் மூன்று கிலோ குறையும். ஐந்து காலன் பக்கெட்டில் தண்ணீர் நிரப்பி ஓரமாக வைப்பதெல்லாம் கண்துடைப்பு.

காற்று மணிக்கு 24 மைலைத் தாண்டினால் பிள்ளைகளை இறக்கி, காற்றை வெளியேற்றிவிட வேண்டும். சராசரியை விடுங்கள், வீச்சைப் பாருங்கள். போனில் வரும் வானிலை விமான நிலையத்துடையது, உங்கள் பார்க்குடையது இல்லை. காற்றின் வேகம் காட்டும் கையடக்க அனிமாமீட்டர் வைத்துக்கொண்டு அங்கேயே அளக்கணும். உற்பத்தியாளர் வரம்பு இதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் வரம்பு.

அடுத்தது மின்சாரம். உள்ளே காற்றை ஊதிக்கொண்டே இருக்கும் ஒரு குதிரைத்திறன் ப்ளோயர் 8 முதல் 10 ஆம்பியர் இழுக்கும், கிளப்பும்போது அதற்கும் மேல். பாப்கார்ன் மெஷினும் ஏறக்குறைய அவ்வளவு இழுக்கும். இரண்டையும் ஒரே 15 ஆம்பியர் சர்க்யூட்டில் மாட்டினால் பிரேக்கர் விழும், சுவர் உள்பக்கமாக மடியும், உள்ளே இருப்பவர்கள் வினைல் அடியில். ப்ளோயருக்குத் தனி சர்க்யூட், தடித்த 12 கேஜ் எக்ஸ்டென்ஷன் கார்டு. வீட்டில் கிடக்கும் மெல்லிய 16 கேஜ் கார்டை 100 அடி இழுத்தால் வோல்டேஜ் இறங்கி மோட்டார் சூடேறும். கார்டு இணைப்பு ஈரப் புல்லில் கிடந்தால் மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஜி.எஃப்.சி.ஐ. வேறு விழும், ஒரு செங்கல் மேல் தூக்கி வைத்தால் போதும்.

ஒத்த உடம்பு வாகு உள்ளவர்களை மட்டும் ஒரு தொகுதியாக விடுங்கள். நான்கு வயதும் பதினொரு வயதும் சேர்ந்து குதித்தால் அடி படுவது எப்போதும் நான்குக்குத்தான்.

கூடைக்காரர்:

அண்ணா, தனி இழை போடுமளவு எழுதிவிட்டீர்கள். ஆனாலும் அந்த மூலை தூக்கியது பயமாகத்தான் இருக்கிறது.

ஒலிமுட்டை:

முட்டைக்கே திரும்புவோமா?

பார்வையற்ற குழந்தைகளுக்கு ஒலிக்கும் முட்டை உண்டு. அமெரிக்காவின் பல ஊர்களில் வெடிகுண்டைச் செயலிழக்கச் செய்யும் நிபுணர்களே ஓய்வு நேரத்தில் செய்து கொடுக்கிறார்கள். பெரிய பிளாஸ்டிக் முட்டை, உள்ளே 9 வோல்ட் பேட்டரி, ஒரு பீப்பர், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சுவிட்ச். கண்டுபிடித்த குழந்தை சுவிட்சைத் தட்டி நிறுத்தும். பிறகு அந்த முட்டையைக் கொடுத்து மிட்டாய் நிறைந்த முட்டையை வாங்கிக்கொள்ளும்.

ஒரு பையன், ஏழு எட்டு வயது இருக்கும், நடந்துகொண்டே இருந்தவன் சட்டென்று நின்றான். தலையை இடமும் வலமுமாக மெல்லத் திருப்பினான். இரண்டு முட்டைகள் ஒரே சுருதியில் கத்திக்கொண்டிருந்தன, எது கிட்ட என்று பிரிக்க முடியவில்லை. கோளாறு அதுதான்: முட்டைகளை நெருக்கி வைத்துவிட்டார்கள். குறைந்தது ஆறேழு அடி தள்ளி வைத்து, பீப்பர்களில் பாதி வேறு சுருதியாக இருந்தால் திசை பிரியும். சுவருக்கோ கான்கிரீட் மேடைக்கோ பக்கத்தில் வைத்தால் எதிரொலி ஏமாற்றும். பக்கத்துக் களத்தில் டி.ஜே. வைத்தால் மொத்தமும் வீண். அந்தக் கால்மணி நேரம் பாட்டை நிறுத்தச் சொல்லுங்கள், கேட்கிறார்கள்.

பின்வாசல் தோட்டம்:

தேதியை யாரும் சொல்லவில்லை. ஈஸ்டர் 2024-இல் மார்ச் 31, 2025-இல் ஏப்ரல் 20, 2026-இல் ஏப்ரல் 5. மூன்று வாரம் வரை நகரும் பண்டிகைக்கு "சென்ற வருடம் மாதிரியே" என்று திட்டம் போட்டால், வடக்கு மாநிலங்களில் மார்ச் இறுதியில் உறைபனி இளகிய சேறுதான் கிடைக்கும். குதிகாலால் மண்ணை அழுத்திப் பாருங்கள். தடத்தில் தண்ணீர் ஊறினால் அந்த இடத்தில் 100 பிள்ளைகள் ஓடக்கூடாது, வண்டி நிறுத்தவே கூடாது. புல் வேரோடு வரும், பார்க் நிர்வாகம் அடுத்த வருடம் அனுமதி தராது. புதுச் சண்டை இல்லை இது. வாஷிங்டனில் காங்கிரஸ் கட்டடப் புல்வெளியை ஈஸ்டர் முட்டை உருட்டும் பிள்ளைகள் நாசம் பண்ணுகிறார்கள் என்று 1876-இலேயே சட்டம் போட்டுத் தடுத்தார்கள். 1878-இல் அதிபர் ஹேஸ் வெள்ளை மாளிகைப் புல்வெளியைத் திறந்துவிட, அந்த விளையாட்டு அங்கே குடியேறியது.

உச்சவரம்பு பற்றி என் கருத்து வேறு. நிறக் கணக்கு 60 குழந்தை வரை சரி. அதற்கு மேல் போனால் வாசலில் கூடை பார்க்கிற வாலண்டியரிடம் வரிசை நீண்டு, அங்கே புதுச் சண்டை தொடங்கும். அதைவிட டோக்கன் மேசையில் தலைக்கு ஒரு பை என்று வைத்துவிட்டால், யார் எத்தனை முட்டை வாரினாலும் கவலையில்லை.

மூன்றாம் தெரு:

அப்புறம் எதுக்குங்க முட்டைய தேடச் சொல்லணும்? வாசல்லயே பைய கொடுத்து அனுப்பிடலாமே!

பின்வாசல் தோட்டம்:

தேடுவது அவர்கள் சந்தோஷத்துக்கு, பை பெற்றோர் நிம்மதிக்கு. சரி, இன்னொன்று: களவாரியாக எத்தனை வைத்தோம் என்று எழுதிவைத்து, முடிந்ததும் காலி முட்டையைப் பெட்டியில் திரும்ப வாங்கி எண்ணுங்கள். ஒளித்து வைத்தவரே வரைந்த ஒரு தோராயப் படம் இருந்தால் மிச்சத்தைப் பத்து நிமிடத்தில் பொறுக்கலாம். விட்டுப்போனது அடுத்த வாரம் புல்வெட்டும் இயந்திரத்தில் சிக்கித் தெறிக்கும். சாக்லெட் போட்ட முட்டை என்றால் அன்று மாலையே யாருடைய நாயாவது கண்டுபிடித்துவிடும். சாக்லெட் நாய்க்கு நஞ்சு. சைலிட்டால் என்ற இனிப்பூட்டி கலந்த சர்க்கரையில்லாச் சூயிங்கம் அதைவிடச் சிறிய அளவிலேயே ஆபத்து, அதை எந்த முட்டையிலும் போடாதீர்கள்.