சிறையிலிருந்து திரும்பிய அண்ணன் கதவைத் திறப்பதில்லை

கேள்வி (பட்டர்வொர்த், மலேசியா):

என் அண்ணன் ஆறு ஆண்டுகள் சிறையில் இருந்துவிட்டுப் போன மாதம்தான் வீடு திரும்பினார். அறைக்கதவு வெறுமனே சாத்தியிருந்தாலும் அதன் முன்னே போய் நின்றுவிடுகிறார். யாராவது திறந்துவிட்டால்தான் நுழைகிறார். கட்டில் இருக்க, சிமெண்டுத் தரையில் விளக்கை அணைக்கவிடாமல் படுக்கிறார். சோற்றுத் தட்டை இடக்கையால் வளைத்துக்கொண்டு ஐந்தே நிமிடத்தில் சாப்பிட்டு முடிக்கிறார். அம்மாவோ இது செய்வினை என்று சொல்லி, தைப்பூசத்தன்று பினாங்குத் தண்ணீர்மலை முருகன் கோவிலுக்கு அழைத்துப் போக நினைக்கிறார். மருத்துவரைப் பார்க்கலாம் என்று நான் சொன்னால், "என்னைத் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனைக்கு அனுப்பப் பார்க்கிறாயா?" என்று கேட்டுவிட்டு அண்ணன் எழுந்து போய்விடுகிறார். நாங்கள் என்ன செய்வது?

பதில் (செந்தூல், கோலாலம்பூர்):

தங்கச்சி, நானும் நான்கு ஆண்டுகள் உள்ளே இருந்தவன். அங்கே கதவைத் திறப்பது நம் வேலையன்று. எழுவது, உண்பது, உறங்குவது எல்லாமே பிறர் சொல்லும் நேரத்தில்தான். வெளியே வந்த பிறகும், சாவிக்கொத்து குலுங்கினால் நான் எழுந்து நின்றுவிடுவேன். ஒருமுறை சந்தையில் மீன் வாங்கப் போய், யாரோ முதுகுக்குப் பின்னால் நெருங்கி நின்றதற்கே வியர்த்துக் கொட்டி, வெறுங்கையோடு திரும்பினேன். என் மனைவி தினமும் காலையில் "கோப்பியா, தேத்தண்ணியா?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும்வரை பொறுமையாக நிற்பாள். அதற்குப் பதில் சொல்லவே எனக்குப் பல வாரங்கள் பிடித்தன. தைப்பூசக் கூட்டம் இப்போது வேண்டாம். அம்மா விரும்பினால், ஆள் நடமாட்டமில்லாத ஒரு விடியற்காலையில் மலைக்கு அழைத்துப் போங்கள்.

பதில் (ஓய்வுபெற்ற மனநலத் தாதி, ஜார்ஜ்டவுன்):

கைதிகள் சிறையின் வழக்கங்களுக்குள் ஊறிப்போவதை டொனால்ட் கிளெம்மர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1940ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதினார். கதவின் முன் நிற்பதும் சோற்றுத் தட்டை வளைத்துக்கொள்வதும் அவ்வகைப் பழக்கங்கள். பெரும்பாலும் நாளடைவில் தளரும். ஆனால் கொடுங்கனவு, திடுக்கிட்டு விழித்தல், எவரையும் நம்பாமை ஆகியவை ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால், அது சிகிச்சை தேவைப்படும் மன அதிர்ச்சியாக இருக்கலாம். அதற்குத் தஞ்சோங் ரம்புத்தான் போகவேண்டியதில்லை. அருகிலுள்ள அரசாங்கக் கிளினிக்கில் 1 ரிங்கிட் கட்டணத்தில் மருத்துவரைப் பார்க்கலாம். அண்ணன் வர மறுத்தால், நீங்களே 15555 என்ற மனநல உதவி எண்ணை அழைத்துப் பேசுங்கள்.

கேட்கத் தயக்கமாக இருந்தாலும் கேட்கிறேன்: அவருக்கு முன்பு போதைப் பழக்கம் இருந்ததா? சிறையில் அதை விட்டிருந்த உடல், பழைய அளவைத் தாங்காது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் விடுதலையானவர்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட ஆய்வில், முதல் இரண்டு வாரங்களில் அவர்களின் இறப்பு விகிதம் மற்றவர்களுடையதைவிட ஏறக்குறைய 13 மடங்காக இருந்தது. போதைப்பொருளை அளவுக்கு மீறி எடுத்ததே முதன்மைக் காரணம்.

கேட்டவர்:

செந்தூல் அண்ணா, தாதியம்மா, இருவருக்கும் நன்றி. போதைப் பழக்கம் இருந்ததில்லை. இன்று காலை கோப்பியா, தேத்தண்ணியா என்று கேட்டேன். நெடுநேரம் என் முகத்தையே பார்த்துவிட்டு, "எது இருக்கிறதோ அது" என்றார். கிளினிக்குக்கு இன்னும் சம்மதிக்கவில்லை. நாளை நானே 15555க்கு அழைக்கிறேன்.