நல்லூர்க் கொடியேறிவிட்டது, நோயாளி நாய்க்குக் கோழி எங்கே அவிப்பது?

கேட்டவர்: பழைய_தபால்காரன், கொக்குவில்

வணக்கம். முப்பத்தொரு வருஷம் தபால் கொடுத்தவன் நான். சைக்கிளில் ஒழுங்கை ஒழுங்கையாகத் திரிந்த காலத்தில் என்னைத் துரத்தாத நாய் இந்தப் பகுதியில் இல்லை. மூன்று தரம் கடி வாங்கியிருக்கிறேன். முதல் கடிக்குத் தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். அப்படிப்பட்ட என் விறாந்தையில் இப்போது ஒரு நாய் படுத்திருக்கிறது என்றால் என் மனிசிக்கே நம்பிக்கை வரவில்லை. அவ மகளின் பிள்ளைப்பேற்றுக்கு ரொரன்ரோ போயிருக்கிறா. வீட்டில் நான் தனி.

பக்கத்து வளவில் வாடகைக்கு இருக்கும் கம்பஸ் பிள்ளைகள் இரண்டு பேர், திருநெல்வேலிச் சந்தையடியில் கிடந்த ஒரு கிழட்டுப் பெட்டை நாயைத் தூக்கி வந்தார்கள். முலையில் கட்டி, உடைந்து புண்ணாகி இலையான் மொய்த்தபடி. எக்ஸ்ரே எடுத்ததில் சுவாசப்பைக்கும் பரவிவிட்டது தெரிந்தது. வெட்டி எடுத்துப் பிரயோசனம் இல்லை, நோவில்லாமல் வைத்துப் பாருங்கள், ஆறு கிழமையோ இரண்டு மாதமோ என்றார் வைத்தியர். பிள்ளைகளின் அறையில் நாய் வைக்க வீட்டுக்காரர் விடவில்லை. "அங்கிள், கொஞ்ச நாளைக்குத்தானே" என்று என்னிடம் வந்தார்கள். அந்தக் கொஞ்ச நாளின் அர்த்தம் மூன்று பேருக்கும் விளங்கியது, ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

விலாசம் இல்லாமல் வந்து சேர்ந்ததால் பார்சல் என்று பேர் வைத்தேன். இது பதினோராவது கிழமை.

முதல் சிக்கல் சாப்பாடு. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் திருவிழாக் கொடியேறினால் 25 நாளும் எங்கள் வீட்டில் மச்சம் காய்ச்சுவதில்லை, அம்மாவின் காலத்திலிருந்தே அப்படி. பார்சலோ கோழி இல்லாத சோற்றை மணந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்கும். இப்போதைக்கு வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் வேதக்கார அக்கா கோழிக் கழுத்தை அவித்து, பழைய மாஜரின் பேணியில் போட்டு வேலிப் பொட்டுக்குள்ளால் தருகிறா. நான் அதை வீட்டுக்குள் கொண்டுபோகாமல் கிணற்றடியில் வைத்தே சோற்றோடு பிசைகிறேன். தட்டில் வைத்தால் தொடாது, உள்ளங்கையில் கொடுத்தால்தான் தின்னும். தின்று முடித்ததும் விரல் இடுக்குகளை ஒவ்வொன்றாக நக்கித் தேடும். பிறகு நான் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போகிறேன். இது சரியா பிழையா என்று கேட்கவில்லை. நாய் வைரவரின் வாகனம், அதை அவர் பார்த்துக்கொள்வார். கோழிக்குப் பதிலாக வேறு ஏதும் கொடுக்கலாமா என்றுதான் கேட்கிறேன்.

அடுத்தது, இரவில் மூச்சு வேகமாக இருக்கிறது. வைத்தியர் தந்த மெலொக்சிகாம் என்ற நோ மருந்துப் பாணியை நாளுக்கு ஒரு தரம் கொடுக்கிறேன். போதாவிட்டால் பனடோல் கொடுக்கலாம் என்கிறார் ஒருவர். இன்னொருவர் தன்னுடைய முட்டு வருத்தத்துக்கு வாங்கி மிஞ்சிய பிரெட்னிசலோன் குளிசையைக் கொண்டுவந்து தந்திருக்கிறார். இன்னும் கொடுக்கவில்லை, அலுமாரியில் இருக்கிறது. புண்ணை எப்படிச் சுத்தமாக வைத்திருப்பது என்றும் யாராவது சொல்லுங்கள், மணம் விறாந்தையைத் தாண்டி வருகிறது.

கடைசியாக ஒன்று. "எப்போது என்று நீங்கள் சொல்லுங்கள், நான் வீட்டுக்கே வந்து ஊசி போடுகிறேன்" என்றார் வைத்தியர். தந்தி கொண்டுபோன காலத்தில் கேற்றடியில் என் முகத்தைப் பார்த்தே அழத் தொடங்கிய வீடுகள் உண்டு. ஆனால் அந்தச் செய்தியை எழுதியவர் வேறு யாரோ, நான் கொண்டுபோய்க் கொடுத்தவன் மட்டும். இப்போது நானே எழுதவேண்டும் என்கிறார்கள். எதை வைத்து எழுதுவது?

மானிப்பாய்_பூனைக்காரி

அண்ணை, நான் இப்படி இரண்டு நாய்களைக் கடைசிவரை வைத்துப் பார்த்தவள். கோழியை மாற்றவேண்டாம். இந்த நிலையில் அது எதை விரும்பித் தின்கிறதோ அதுதான் அதற்கு மருந்து. ஆனால் கழுத்து எலும்பைக் கொடுக்கவேண்டாம், அவித்த எலும்பு சிதறிக் குடலைக் குத்தும். சதையை உரித்துக் கொடுங்கள். அந்த அக்கா வெங்காயம் போட்டு அவிக்கிறாவா என்றும் கேளுங்கள். சுடுதண்ணி வைத்தாலே இரண்டு வெங்காயம் வெட்டிப் போடுகிற ஊர் நம்முடையது. நாய்க்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும், அவித்தாலும் நஞ்சு போகாது. வளவில் முந்திரிகை (திராட்சை)ப் பந்தல் இருந்தால் விழுந்த பழத்தைக் கூட்டி அள்ளிவிடுங்கள், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

புண்ணுக்கு: கொதித்து ஆறிய தண்ணீர் அரை லீற்றரில் ஒரு தேக்கரண்டி உப்பு. காலையும் பின்னேரமும் ஊற்றிக் கழுவி, தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். பிறகு உங்கள் பழைய பருத்தி பெனியன் ஒன்றைப் போட்டுவிடுங்கள். முன்கால்கள் கை ஓட்டைக்குள்ளால் வரவேண்டும், மிஞ்சிய துணியை முதுகில் முடிச்சுப் போடுங்கள். பகலிலும் நுளம்பு வலைக்குள் படுக்க விடுங்கள். இந்த வெக்கைக்கு இலையான் முட்டையிட்டால் ஒரே நாளில் புழு. ஊரில் சொல்கிற மண்ணெண்ணெய், கற்பூரத்தூள் ஒன்றும் வேண்டாம், நாய் எரிவில் துடிக்கும். மணத்துக்குப் பூசுவதற்கு மருந்து இருக்கிறது, வைத்தியரிடம் கேளுங்கள்.

கடைசிக் கேள்விக்கு என்னிடம் இருப்பது என் பிழை மட்டும்தான். முதல் நாய்க்கு நான் பிந்திவிட்டேன். நாளைக்குப் பார்ப்போம், நாளைக்குப் பார்ப்போம் என்று ஒரு கிழமை. கடைசியில் ஒரு ஞாயிறு இரவு விடியும்வரை மூச்சுக்கு இழுத்தது. எந்த வைத்தியரும் ஃபோன் எடுக்கவில்லை. இரண்டாவது நாய்க்கு ஊசி போட்ட அன்று காலையிலும் அது பிஸ்கட் தின்றது. அதைத் தின்ற நாயையா கொன்றாய் என்று மாமி இன்றைக்கும் கேட்கிறா.

சும்மா_ஒருவன்

கிளினிக்கில் மருந்து முடிந்துவிட்டது, வெளியில் வாங்குங்கள் என்று மனிசருக்கே துண்டு எழுதிக் கொடுக்கிற நாடு. சாகப்போகிற நாய்க்கு எக்ஸ்ரே. நல்லாயிருக்கு.

பேராதனை_பழையவன்

நான் மிருக வைத்தியம் படித்தவன், இப்போது வன்னியில் வேலை. உங்கள் நாயைப் பார்த்தவரே முடிவு சொல்லவேண்டும். பொதுவாகச் சில விஷயங்களை மட்டும் சொல்கிறேன்.

அலுமாரியில் இருக்கும் பிரெட்னிசலோனைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மெலொக்சிகாமோடு சேர்த்துக் கொடுத்தால் இரைப்பையில் புண் வந்து ஓட்டையாகவும் போகலாம். ஒன்றிலிருந்து மற்றதுக்கு மாறுவதென்றாலும் இடையில் சில நாள் விடவேண்டும். பனடோல் நாய்க்கு ஈரலைக் கெடுக்கும், வைத்தியர் நிறை பார்த்துச் சொல்லாமல் கொடுக்கவே கூடாது. ஐபுபுரூஃபனும் டைக்குளோபெனாக்கும் எந்த அளவிலும் வேண்டாம். மெலொக்சிகாமைச் சாப்பாட்டோடு கொடுங்கள். ஒரு நாள் தின்னவில்லை என்றால் அன்றைக்கு நிறுத்துங்கள், சத்தி (வாந்தி) அல்லது கறுப்பாக மலம் போனாலும் நிறுத்திவிட்டு உடனே ஃபோன் எடுங்கள். நோ போதவில்லை என்றால் கூடச் சேர்த்துக் கொடுக்க வேறு மருந்துகள் அவரிடம் உண்டு. கேட்டால்தான் தருவார்.

மூச்சை எண்ணுங்கள். நல்ல நித்திரையில் இருக்கும்போது வயிறு ஏறி இறங்குவது ஒன்று. நிமிடத்துக்கு 30க்குள் இருந்தால் பரவாயில்லை. 40ஐத் தாண்டி நின்றால், அல்லது கழுத்தை நீட்டி முழங்கைகளை அகட்டி உட்கார்ந்தபடியே இருந்தால், முரசு (பல் ஈறு) நீலம் பாரித்தால், காலைவரை காத்திருக்கவேண்டாம்.

எதை வைத்து முடிவெடுப்பது என்று கேட்டீர்கள். அமெரிக்காவில் அலிஸ் வில்லலோபோஸ் என்ற மிருகப் புற்றுநோய் வைத்தியர் 2004இல் ஒரு கணக்கு முறை கொண்டுவந்தார். நோ (மூச்சுத் திணறலும் இதற்குள் வரும்), பசி, நீர்ச்சத்து, சுத்தம், சந்தோஷம், நடமாட்டம், கெட்ட நாட்களைவிட நல்ல நாட்கள் கூடவா என்று ஏழு. ஒவ்வொன்றுக்கும் 10க்குப் புள்ளி, மொத்தம் 35ஐத் தாண்டினால் வைத்துப் பார்க்கலாம். அது பாஸ், ஃபெயில் போடுகிற சோதனை இல்லை. தினமும் பார்க்கிற கண்ணுக்கு மெல்ல மெல்லக் குறைவது தெரியாது, அதற்காகத்தான் எழுதிவைக்கச் சொல்கிறோம்.

ஊசி போடும் நாளில் முதலில் மயக்க மருந்து. பிறகு நரம்பில் அளவு மீறிய மயக்க மருந்து, சில நிமிடத்தில் இதயம் நின்றுவிடும். கண் மூடாது. ஒன்றிரண்டு மூச்சு இழுப்பதுபோல இருக்கலாம், சிறுநீர் போகலாம். உயிர் திரும்பிவிட்டது என்று பயப்படவேண்டாம். அந்த மருந்து உடம்பில் அப்படியே கிடக்கும், தோண்டித் தின்கிற நாயும் காகமும் செத்துப்போகும். கிணற்றுக்குத் தூரமாக, நான்கடிக்குக் குறையாமல் தாட்டுவிடுங்கள். யாழ்ப்பாணத்தில் அடியில் முழுக்கச் சுண்ணாம்புக்கல் என்பதால் குழியைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள்.

விசர்நாய்த் தடுப்பூசி போட்டாயிற்றா? நோவில் இருக்கிற நாய் வளர்த்த கையையும் கடிக்கும். பட்டால் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பழைய_தபால்காரன்

எல்லோருக்கும் நன்றி. தடுப்பூசி போட்டாயிற்று, பிள்ளைகள் முதல் நாளே செய்துவிட்டார்கள். குளிசை திருப்பிக் கொடுத்தாயிற்று, ஆளுக்குக் கொஞ்சம் மனவருத்தம். அக்காவிடம் கேட்டேன், வெங்காயம் மட்டுமல்ல, உள்ளியும் போட்டிருக்கிறா. "மணமா இருக்கட்டும் எண்டுதான் தம்பி" என்றா. இப்போது வெறும் தண்ணீர்.

சும்மா ஒருவன் தம்பிக்கு: எக்ஸ்ரேக் காசு கம்பஸ் பிள்ளைகளுடையது. என் கணக்கில் கோழிக் கழுத்தும் ஒரு பெனியனும்தான்.

மூச்சை எண்ணினேன். முதல் நாள் 32, பிறகு 36, நேற்று இரவு இரண்டு தரம் எண்ணியும் 41. புள்ளிகளைச் சுவர்க் கலண்டரில் பென்சிலால் எழுதிவந்தேன். 44இல் தொடங்கியது இப்போது 33. சந்தோஷத்துக்கு மட்டும் குறைக்க மனம் வரவில்லை, பேணிச் சத்தம் கேட்டால் வால் இன்னும் ஆடுகிறது. மனிசியிடம் வட்ஸ்அப்பில் கலண்டரைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. "ஆடுற வாலோடையே போகட்டும்" என்றா.

வைத்தியருக்குச் சொல்லிவிட்டேன். அலவாங்கு வைத்து உடைப்பதுபோல அந்த ஒரு வசனத்துக்கு எனக்குக் காலை முழுவதும் போய்விட்டது. வியாழன் காலை 9 மணிக்கு வருகிறார். ரொரன்ரோவில் அப்போது புதன் இரவு பதினொன்றரை, தானும் ஃபோனில் நிற்பேன் என்கிறா.

குழி இன்றைக்கே வெட்டியாயிற்று. கிணற்றிலிருந்து தள்ளி, பின்வேலிப் பனையடியில். இரண்டரை அடியில் கல் தட்டியது, மிச்சத்தைக் கம்பஸ் பிள்ளைகள் இறக்கினார்கள். பார்சல் பெனியனோடு மெல்ல நடந்து வந்து, அள்ளிப்போட்ட மண்ணில் ஏறிப் படுத்து மேற்பார்வை பார்த்தது. மண் குளிர்ச்சியாக இருந்திருக்கும்.

தேருக்கு இன்னும் ஒரு கிழமை இருக்கிறது. ஆனால் புதன் பின்னேரம் எங்கள் குசினியிலேயே கோழி அவிக்கச் சொல்லிவிட்டா மனிசி. எந்தச் சட்டியில் என்று கேட்டேன். நல்ல சட்டியிலேயே அவிக்கட்டாம்.