துருவக் கப்பல் கழிவுநீர்: குளோரின் போட்டால் போதுமா?

வைகைக்கரை: மாட்டுத்தாவணிப் பக்கத்து ஓட்டல் எஸ்டிபியில (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துல) காற்றூட்டி, வடிகட்டி, குளோரின் போட்டு விடுறோம். அண்டார்டிகா போற சொகுசுக் கப்பல்லயும் இதேதானா? அந்தக் குளிர்ல பாக்டீரியா நிக்குமா?

திருநகர் வேதி: தொட்டி கப்பலுக்குள்ள இருக்குண்ணே, குளிர் பெரிசில்லை. வம்பு குளோரின்ல. கழிப்பறைக்குக் கடல்தண்ணி விட்டா அதுல லிட்டருக்குச் சுமார் 65 மி.கி. புரோமைடு. குளோரின் பட்டதும் அது புரோமினாகி, கரிமக் கழிவோட சேர்ந்து புரோமோஃபார்ம்ங்கிற நச்சுப் பொருள் உண்டாகும். கப்பல் எஸ்டிபிக்கு ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) வரம்பு லிட்டருக்கு பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிருக்கு வேண்டிய ஆக்சிஜன்) 25 மி.கி., சிஓடி (அதையே வேதிப்பொருளால சிதைக்க வேண்டிய ஆக்சிஜன்) 125 மி.கி., எச்சக் குளோரின் 0.5 மி.கி.க்குக் கீழ். மிச்சக் குளோரினை சோடியம் பைசல்பைட்டால கொல்லலாம்; கூடுதலா ஊத்துனா தண்ணியோட ஆக்சிஜனையும் தின்னுரும். சவ்வு வடிகட்டிக்கு அப்புறம் புறஊதா விளக்கு வைக்கிறதுதான் என் ஓட்டு.

வைகைக்கரை: குளிக்கிற, துவைக்கிற தண்ணி?

திருநகர் வேதி: அங்கதான் ஓட்டை. மார்போல்ங்கிற கப்பல் மாசுத் தடுப்பு ஒப்பந்தத்தோட 4ஆம் இணைப்பு கழிப்பறைத் தண்ணியைத்தான் கட்டுப்படுத்துது. சோப்பு, சன்ஸ்கிரீன், சமையலறை எண்ணெய் அதுல வராது. அளவுல இதுதான் அதிகம்.

பழங்காநத்தம் மெக்கானிக்: புகைகழுவியை (கனரக எண்ணெய் எரிக்கிற இன்ஜின் புகையோட கந்தகத்தைத் தண்ணியால கழுவுற கருவி) விட்டுட்டீங்களே! கழுவுன தண்ணியைக் கடலுக்கே விடுற திறந்த வகையில ஒரு மெகாவாட்-மணிக்கு ஏறக்குறைய 45 டன் கடல்நீர். 10 மெகாவாட் இன்ஜின்னா மணிக்கு 450 டன், 12,000 லிட்டர் தண்ணி லாரியில 37 லோடு! அமிலம், வனேடியம், நிக்கல், பிஏஎச் (எண்ணெய் எரியுறப்போ வர்ற நச்சு ஹைட்ரோகார்பன்கள்) எல்லாம் கடலுக்கு. அண்டார்டிகாவுல 2011லயே கனரக எண்ணெய்க்குத் தடை, அதனால இந்தத் தலைவலி ஆர்க்டிக்லதான். அங்க தடை 2024 ஜூலையில வந்துச்சு, ஆனா சில கப்பலுக்கு 2029 வரை விலக்கு.